பசிக்காத மீனுக்கு எத்தனை இறகுகள்?

ஸ்காட்லாந்தின் ஆறுகளில் சால்மன் பிடிப்பவர்கள் பொய் ஈயைப் பற்றி எழுதத் தொடங்கினால் அவர்களது உரைநடையில் ஒரு பூசாரித்தனம் வந்து அமர்ந்துகொள்கிறது. தூண்டில் முள்ளில் இறகும் பட்டுநூலும் சரிகையும் சுற்றிச் செய்யப்படும் சின்னஞ்சிறு பொருள் அது. அதில் ஆற்றுக்கு ஒரு வகை, மாதத்துக்கு ஒரு வகை, மேகம் கவிந்த பிற்பகலுக்கென்று தனியாக ஒரு வகை. ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட ‘தி சால்மன் ஃப்ளை’ இந்த மரபின் ஆகமம். அதை இன்றும் பக்தியுடன் மேற்கோள் காட்டுபவர்கள் ஓர் எளிய உண்மையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். முட்டையிட ஆற்றில் ஏறிவரும் அட்லாண்டிக் சால்மன் இரை தின்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே அது மாதக்கணக்கில் ஆற்றில் உயிர்வாழ்கிறது.

அப்படியானால் ஏன் கவ்வுகிறது? எரிச்சல் என்பார்கள், கடல்வாழ்வின் பழக்க எச்சம் என்பார்கள். எதுவும் முடிவானதல்ல. ஆனால் உண்ணாத மீனின் ருசியை வகைப்படுத்தி அட்டவணை போடுவது அபத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பருவத்துக்கேற்ற தேர்வு என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தேர்வு இறகில் இல்லை, நீரில் இருக்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் நீர் ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கையில் மீன் மேலெழ விரும்பாது; கனத்த, இரண்டு மூன்று அங்குல ஈயை ஆழத்தில், மெதுவாக அதன் முன்னால் கொண்டுபோக வேண்டும். நீர் சூடேறியதும் மிதக்கும் நூலும் சிறிய ஈயும் போதும். கோடையில் ஆறு வற்றித் தெளிந்தால் இன்னும் சிறிது. இலையுதிர்காலத்தில் நீர் பெருகிக் கலங்கும்போது மீண்டும் பெரியது, கண்ணில் படும் ஆரஞ்சோ மஞ்சளோ கலந்தது. டீ ஆற்றின் கெய்ர்ன்டனில் ஆர்தர் உட் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நூலுக்குக் கொழுப்புப் பூசி மிதக்கவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய எளிய, மெலிந்த ஈக்களைக் கொண்டே ஏராளமான சால்மன்களைப் பிடித்தார். அவர் மாற்றிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அளவைத்தான்.

வட அமெரிக்காவின் பாஸ் மீனிடம் கதை வேறு. அது உண்மையிலேயே தின்கிறது. சஸ்குவெஹானா ஆற்றில் மீன்பிடி வழிகாட்டியாக இருந்த பாப் கிளவுசர் 1980களில் உருவாக்கிய ஈயில் முக்கியமாக மான் வால்மயிரும் ஈயக் கண்களும்தான். அது இரைமீனைப்போல் தலைகுப்புற விழுந்து எழும். கோடை அந்தியில் நீர்ப்பரப்பில் குமிழியிடும் தக்கை, குளிர்ந்த நீரில் அடியோடு ஊரும் நன்னீர் இறால் வடிவம் என்று அங்கே ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் உள்ள இடத்தில் மலிவான மயிர். காரணம் இல்லாத இடத்தில் டூக்கன், மக்காவ், நீலச் சாட்டரர்!

இந்த ஆடம்பரத்தின் விலையை மீன் கொடுக்கவில்லை, பறவைகள் கொடுத்தன. ‘ஜாக் ஸ்காட்’ என்ற புகழ்பெற்ற ஈயின் பக்கவாட்டில் மின்னும் மெழுகுப்பொட்டு, நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் பிடரி இறகு. இந்தியாவில் மட்டுமே வாழும் அப்பறவையின் பிடரித்தோல்கள் பல்லாண்டுக்காலம் கப்பலேறின. பிறகுதான் சட்டம் வந்தது. இன்று ஐரோப்பாவில் அதை வளர்த்தே இறகெடுக்கிறார்கள்.

2009இல் நடந்ததோ இதன் உச்சம். லண்டனில் இசை பயின்ற, ஈ கட்டுவதில் தேர்ந்த மாணவர் ஒருவர் ட்ரிங் அருங்காட்சியகத்தின் சன்னலை உடைத்து 299 பறவைத்தோல்களைத் திருடினார். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. மீட்கப்பட்டவற்றில் பலவற்றின் அடையாளச் சீட்டுகள் பிய்க்கப்பட்டிருந்தன. எங்கே, எப்போது பிடிக்கப்பட்டது என்ற குறிப்பு போனபின் அந்தத் தோலால் ஆய்வாளருக்கு அநேகமாகப் பயனில்லை.

“அழகுக்காகத்தானே கட்டுகிறோம், ஆற்றில் போடுவதற்கா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயம். சட்டகத்தில் மாட்டி வைப்பதற்கான ஈக்களைச் சாயமேற்றிய கோழி, வாத்து இறகுகளில் கட்டுபவர்கள் இப்போதே பலர் இருக்கிறார்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை.