கட்டத்துக்குள் அடங்காத சுழல்கள்

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் கடல் இல்லை. ஆனால் ஆனைமலைச் சரிவின் மண் பாரதப்புழை வழியே பொன்னானியிலும், இடுக்கி மலைகளின் மண் பெரியாற்றின் வழியே கொச்சியை ஒட்டியும் அரபிக்கடலைச் சேர்கிறது. கலங்கல் நீரும் தெளிநீரும் சந்திக்கும் விளிம்பில், சில கிலோமீட்டர் அகலமே உள்ள சுழல்கள் செயற்கைக்கோள் படங்களில் புலப்படக்கூடும். அவற்றைக் காட்டும் சாயத்தை மலைகளே அனுப்பிவைக்கின்றன.

ஆய்வு மாணவர் பலர் முதலில் எடுத்துக்கொள்வதோ கடல்மட்ட உயரமானிகளின் தொகுப்பு வரைபடத்தை. இலட்சத்தீவை ஒட்டிக் குளிர்காலத்தில் உருவாகும் பெருஞ்சுழலுக்கு அது பொருந்தும். அதன் விட்டம் சில நூறு கிலோமீட்டர். 5 கிலோமீட்டர்ச் சுழலுக்கு அது பொருந்தாது. கால் பாகைக் கட்டம் ஒன்றின் அகலமே ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அதைப் பார்த்து ‘இக்கடலில் சிறுசுழல்கள் இல்லை’ என்று எழுதுவது, பெருங்கண் வலையை வீசிவிட்டு நெத்திலியே இல்லை என்பதை ஒக்கும்.

1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற கடலியலாளர் பால் ஸ்கல்லி-பவர், கதிரொளி மின்னிய கடற்பரப்பில் இத்தகைய சுருள்களைத் தம் கண்ணாலேயே கண்டு படமெடுத்தார். இன்று 2022இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3இன் நிறமானி 360 மீட்டர் நுணுக்கத்தில் கடலைக் காட்டுகிறது. 5 கிலோமீட்டர்ச் சுழல் அதில் ஏறத்தாழ பதினான்கு படப்புள்ளிகள் அளவுக்கு விரியும். கரையோரத்துக்கு சென்டினல்-2இன் 10 மீட்டர்ப் படங்கள் இலவசம். கப்பலே இல்லாத மலையோரக் கல்லூரியிலும் இவ்வாய்வு இயலும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. ஆறுகள் பெருகி, கரையோரம் குளிர்நீர் மேலெழும் தென்மேற்குப் பருவத்தில்தான் மேகம் கடலை மூடுகிறது. மேகத்தை ஊடுருவும் ஸ்வாட் ரேடார் ஒரே இடத்துக்கு முறையாகத் திரும்பி வர 21 நாட்கள் ஆகும். சிறுசுழலோ ஓரிரு நாளில் கலைந்துவிடக்கூடியது. செயற்கைத் துளை ரேடார்ப் படங்களை இணைத்துப் பார்ப்பதே தக்க வழி, காற்று மிகாத நாட்களிலேனும்.

கலிபோர்னியக் கடலின் அளவுகோலை அப்படியே இங்கே பொருத்துவதும் பிழை. 10 பாகை அகலாங்கில் புவிச்சுழற்சியின் பிடி தளர்வு. நிலைமச் சுழற்சிக் காலம் ஏறத்தாழ 69 மணி நேரம். ஒற்றைப் படத்தின் நிறவளைவை நீரோட்டம் என்று கொள்வதும் ஆகாது; சில மணி இடைவெளியில் இன்னொரு படம் வேண்டும். ஆகவே வாய்மொழித் தேர்வில் ஆய்வாளரிடம் முதலில் கேட்கப்பட வேண்டியது, அவர் எத்தனை சுழல்களை எண்ணினார் என்பதன்று; எத்தனை நாட்கள் கடல் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்பதே.