முள் படுத்தால் மீட்டர் செத்ததா?

என் பழைய காரில் பெட்ரோல் முள் மூன்று வாரமாக அடியிலேயே கிடந்தது. டேங்கை நிரப்பியும் அசையவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்தத் தம்பி காருக்குள் தலையைக்கூட நீட்டாமல், "மீட்டர் போயிடுச்சு சார், மொத்த செட்டையும் மாத்திடலாம்" என்றார். அவர் சொன்ன தொகை என் பென்ஷனில் கால் பங்கு.

இதைத்தான் கண்டிக்கிறேன். சோதிக்காமல் மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல, வியாபாரம்.

சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார் என்று தெகார்த் 1637-இல் எழுதியதை, புதுச்சேரிப் பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் மண்டையில் ஏற்றினார். குமாஸ்தா வேலையிலும் அதுதான் உதவியது. கோப்பு திரும்பி வராவிட்டால் உடனே புதுக் கோப்பு போட மாட்டோம். எந்த மேசையில் நிற்கிறது என்று தேடுவோம்.

இங்கே மேசைகள் நான்கு. டேங்குக்குள் மிதவை, அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும். அதை முன்னால் கொண்டுபோகும் ஒயர். பாடியோடு சேரும் எர்த். கடைசியில் மீட்டர்.

எங்கள் தெருவில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மேலிருந்த ஒயரைக் கழற்றினார். சாவியை அணைத்த நிலையில் அதை பாடியோடு இணைத்து, சில நொடி மட்டும் சாவியைப் போட்டார். முள் விறுவிறுவென்று மேலே ஏறியது! மீட்டரும் ஒயரும் நிரபராதிகள். மிச்சம் மிதவையும் எர்த்தும்தான். எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார்.

"முள் மேல தப்பில்லீங்க ஐயா, எர்த் கிடைக்கல" என்றார்.

கம்ப்யூட்டர் வைத்த புதுக் கார்களுக்கு இந்த வழி சரிவராது. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வேலை என்பதால் நாமே கைவைக்கவும் வேண்டாம். ஆனால் எதைச் சோதித்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

"சோதிக்க நேரமாகும் சார், அதற்கு யார் காசு தருகிறார்கள்?" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் நாம், பார்த்துச் சொன்ன கூலிக்கு ஐம்பது ரூபாய் பேரம் பேசுகிறோம். மூளைக்குக் கூலி கொடுக்காவிட்டால் பாகத்தைத்தான் விற்பார்கள்.

அந்தப் பெரியவர் கேட்டது நூறு ரூபாய். இருநூறு கொடுத்தேன். வாங்க மறுத்தார், சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன்.