ஷேக் ஆனா உடனே டெலிட் பண்ணாதீங்க

உங்க போன் கேலரியை ஒரு தடவை திறந்து பாருங்க. ஐ.வி., கல்ச்சுரல்ஸ், ஹாஸ்டல் பர்த்டே, எல்லாம் இருக்கும். அதுல யாராவது அசையுறாங்களா? எல்லாரும் சேர்ந்து குதிக்கிற போட்டோல கூட, காத்துல ஆணி அடிச்சு மாட்டின மாதிரி நிக்கிறோம். அசைஞ்ச போட்டோ ஒண்ணு கூட இருக்காது. "மச்சான், ஷேக் ஆயிடுச்சு"ன்னு சொல்லி அன்னைக்கே டெலிட் பண்ணியிருப்போம்.

நானும் அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்போ அது தப்புன்னு நினைக்கிறேன். ஏன்னு சொல்றதுக்கு ஒரு தேர்க் கதை சொல்லணும்.

எங்க அப்பாயி ஊர் மண்ணச்சநல்லூர் பக்கம். ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர்னா அந்தப் பக்கத்து கிராமங்கள்ல இருந்து ஜனம் ஜனமா வருவாங்க. அப்பாயியும் வருஷா வருஷம் வந்து வடம் பிடிப்பாங்க. நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது ஃப்ரெண்டுகிட்ட கேமரா கடன் வாங்கிட்டு, விடியற்காலையிலேயே சித்திரை வீதிக்குப் போயிட்டேன். 1/1000 நொடி ஷட்டர். படம் அவ்வளவு ஷார்ப். வடத்தோட நார் நாரா தெரிஞ்சுது, அப்பாயி நெத்தியில இருந்த வியர்வைத் துளி கூட தெரிஞ்சுது. பெருமையா அப்பாயிகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நல்லா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏஞ்சாமி, தேரு ஏன் நின்னுபோச்சு? எங்கயாச்சும் மாட்டிக்கிச்சா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. தேர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா படத்துல அது பார்க்கிங்ல விட்ட லாரி மாதிரி நின்னுச்சு. அப்பாயி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு போஸ் குடுக்கிற மாதிரி இருந்தாங்க.

நாம இன்ஜினியரிங் பசங்க, அதனால கணக்கு போட்டுப் பார்த்துடலாம். தேர் நொடிக்கு அரை மீட்டர் நகருதுன்னு வச்சுக்கோங்க. 1/1000 நொடியில அது நகர்ற தூரம் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரைத்தான் நான் "தேரோட்டம்"னு சொல்லி அப்பாயிகிட்ட நீட்டியிருக்கேன். அவங்க கேட்டது நியாயமான கேள்வி.

அடுத்த வருஷம் தெளிவா போனேன். யூட்யூப் பார்த்து எல்லாம் கத்துக்கிட்டாச்சு. ஷட்டரை 1/15க்கு இறக்கினேன். 1/1000ல இருந்து 1/15க்கு வந்தா சுமார் 64 மடங்கு வெளிச்சம் அதிகமா உள்ள வரும், அதாவது ஆறு ஸ்டாப். அதைச் சரிக்கட்ட அப்பர்ச்சரை எஃப் 4ல இருந்து எஃப் 16க்கு மூடினேன், அது நாலு ஸ்டாப். ஐஎஸ்ஓவை 400ல இருந்து 100க்குக் குறைச்சேன், அது ரெண்டு ஸ்டாப். காலை நிழல்ல அது போதும். வெயில் ஏறிட்டா லென்ஸ் முன்னாடி என்டி ஃபில்டர் போட்டே ஆகணும், இல்லன்னா படம் வெள்ளையா வெளுத்துடும். கூட்டத்துல டிரைபாட் நடக்காத காரியம். ஒரு கடைத் திண்ணையில ஏறி, தூண்ல சாஞ்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன்.

படம் அட்டகாசம்! கைகள் எல்லாம் அலை மாதிரி, வடம் பாம்பு மாதிரி, நடுவுல தேர் மட்டும் கம்பீரமா. இன்ஸ்டால போட்டேன், எனக்கு வந்ததிலேயே அதிக லைக். அப்பாயிகிட்ட காட்டினேன். ரெண்டு நிமிஷம் தேடினாங்க.

"நல்லாத்தான் இருக்கு சாமி. இதுல நான் எங்க?"

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடல. தேரும் அப்பாயியும் ஒரே வேகத்துலதான் நகர்ந்தாங்க. 1/15 நொடியில ரெண்டு பேரும் மூணு செ.மீ. தாண்டியிருப்பாங்க. ஆனா அவ்வளவு பெரிய தேருக்கு மூணு செ.மீ. ஒரு பொருட்டே இல்ல, அது தெளிவா விழுந்துடுச்சு. ஒரு சின்ன முகத்துக்கு மூணு செ.மீ. போனா எல்லாமே போச்சு. ஒரே வேகம், ஒரே ஷட்டர், பெருசு தப்பிச்சுது, சின்னது அழிஞ்சுது. இழுத்தவங்க யாரும் படத்துல இல்ல, இழுக்கப்பட்டது மட்டும் இருக்கு.

இது புதுப் பிரச்சினை இல்ல, போட்டோகிராஃபி பிறந்ததுல இருந்தே இருக்கு. 1838ல பாரிஸ்ல டாகேர் ஒரு பரபரப்பான தெருவை மாடி ஜன்னல்ல இருந்து படம் எடுத்தார். எக்ஸ்போஷர் நிமிஷக்கணக்கு. வண்டி, குதிரை, நடந்தவங்க எல்லாரும் மறைஞ்சுட்டாங்க. ஷூ பாலிஷ் போட ஒரே இடத்துல நின்ன ஒருத்தர் மட்டும் பதிவானார். நம்ம ஊருக்கும் இந்தக் கதை உண்டு. மெட்ராஸ் அரசாங்கத்துக்காக லின்னேயஸ் டிரைப் எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் படங்கள் 1858ல தொகுப்புகளா வந்துச்சு. காகித நெகட்டிவ் காலம் அது, வெளிச்சம் பதிய நேரம் எடுக்கும். கோபுரமும் மண்டபமும் மலைக்கோட்டையும் பொறுமையா நிக்கும், அதனால பதியும். தெருவுல நடந்து போறவருக்கு அந்தக் காகிதத்துல இடம் கிடையாது. அந்தக் காலத்து ஊர்னாலே ஆள் இல்லாம அமைதியா இருந்திருக்கும்னு நமக்கு ஒரு நினைப்பு இருக்கே, அதுல பாதி ஷட்டர் பண்ண வேலையா இருக்கலாம்.

அதனால "ஸ்லோ ஷட்டர்தான் உண்மை, ஃபாஸ்ட் ஷட்டர் பொய்"னு நான் சொல்ல வரல. வேகமான ஷட்டர் கண்ணுக்கே தெரியாததையும் காட்டும். ஓடுற குதிரையோட நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதான்னு காலங்காலமா சண்டை. 1878ல கலிஃபோர்னியால மைபிரிட்ஜ் வரிசையா கேமரா வச்சு எடுத்துக் காட்டினார். எழும்பத்தான் செய்யுது, ஆனா ஓவியர்கள் வரைஞ்ச மாதிரி காலை முன்னும் பின்னும் நீட்டினபடி இல்ல, வயித்துக்குக் கீழ மடக்கினபடி. அதைக் காட்ட வேகம்தான் வேணும்.

நம்ம ஊர்லயே பாருங்க. திருச்சிக்காரங்களுக்கு "ஷட்டர்"னா கேமரா ஞாபகமே வராது, முக்கொம்புதான் வரும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, வெள்ளத்துல கொள்ளிடம் மேலணையோட 9 ஷட்டர் அடிச்சுக்கிட்டுப் போச்சு. நான் அப்போ ஒன்பதாம் வகுப்பு. அந்தத் தண்ணியை யாராவது ரெண்டு நொடி எக்ஸ்போஷர்ல எடுத்திருந்தா என்ன ஆகும்? பட்டுத்துணி விரிச்ச மாதிரி, பால் ஊத்தின மாதிரி வழவழன்னு இருக்கும். வால்பேப்பருக்கு நல்லா இருக்கும். ஆனா அது பொய். அணையை உடைச்ச தண்ணிக்குள்ள இருந்த முறுக்கும் அடியும் 1/1000லதான் தெரியும். அதே மாதிரி, கோடையில மணல் நடுவுல வாய்க்கால் மாதிரி ஓடுற காவிரியையும் முப்பது நொடி திறந்து வச்சு எடுத்தா பனி படர்ந்த ஏரி ஆயிடும். லைக் வரும், காவிரி வராது.

தேர்லயும் அப்படித்தான். சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுறவங்களைப் பார்த்திருக்கீங்களா? அத்தனை டன் எடை உருண்டு வரும்போது கட்டையைச் சொருகிட்டுக் கையை இழுத்துக்கணும். அந்தக் கையை நான் 1/15ல எடுக்க மாட்டேன். அந்த விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தெளிவா தெரியணும்.

அப்போ என் வாதம்தான் என்ன? ரொம்ப சிம்பிள். ஷட்டர் வேகத்தை ஆட்டோ மோடு கையில விடாதீங்க. வெளிச்சம் நல்லா இருந்தா போன் தானாவே வேகமான ஷட்டரைப் பிடிச்சுக்கும். அடுத்தடுத்து நாலஞ்சு ஃப்ரேம் எடுத்து ஒண்ணா சேர்த்து, ஆடினதை எல்லாம் திருத்தி, பளிச்சுன்னு ஒண்ணைக் கையில குடுக்கும். நல்ல எண்ணத்துலதான் பண்ணுது. ஆனா எதுக்காக எடுக்கிறோம்னு அதுக்குத் தெரியாது. நம்ம ஊருக்கு இது இன்னும் மோசம். நடையழகுக்கு ஸ்ரீரங்கம்னு பேர் வாங்கின ஊர் இது. நம்பெருமாள் புறப்பாட்டுல சிம்மகதி, சர்ப்பகதின்னு நடைக்கு நடை பேர் வச்சு, தோள்ல சுமக்கிறவங்க அதைப் பழகி, ஜனங்க அந்த நடையைப் பார்க்கவே காத்து நிக்கிற ஊர். இங்க பிறந்துட்டு அசையிறதை எல்லாம் "ஷேக்"னு டெலிட் பண்றது அநியாயம்.

"போட்டோ ஞாபகத்துக்குத்தானே, முகம் தெரிஞ்சா போதாதா?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயம்தான், அப்பாயியும் அதைத்தான் கேட்டாங்க. ஆனா முகம் மட்டும் வேணும்னா ஆதார் கார்டுலயே இருக்கே. ஒருத்தர் எப்படி நடப்பாங்க, எப்படிக் கையை ஆட்டிப் பேசுவாங்க, மெஸ் வரிசையில எப்படி முண்டுவாங்க, இதெல்லாம் சேர்ந்துதானே அவங்க? முகமும் வேணும், ஓட்டமும் வேணும். ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கணும்னு ஒவ்வொரு படத்துக்கும் நாமதான் முடிவு பண்ணணும். ரகு ராய் 1995ல மும்பை சர்ச்கேட் ஸ்டேஷன்ல எடுத்த படத்தைத் தேடிப் பாருங்க. கூட்டம் மொத்தமும் ஆறு மாதிரி ஓடுது, நடுவுல அசையாம பேப்பர் படிக்கிற சிலர் மட்டும் தெளிவா இருக்காங்க. யாரை ஓட விடணும், யாரை நிறுத்தணும்னு ஷட்டரை வச்சே முடிவு பண்ணியிருக்கார்.

மூணாவது வருஷம் நான் அதே திண்ணைக்குப் போனேன். இந்த முறை 1/8, என்டி ஃபில்டர் போட்டாச்சு. கேமராவை ஒரே இடத்துல பிடிக்காம, அப்பாயி நகர்ற வேகத்துக்கே இடுப்பைத் திருப்பிக்கிட்டே எடுத்தேன். பேனிங்னு சொல்வாங்க. அவங்க முகம் ஃப்ரேம்ல அதே இடத்துல நிக்கணும், மத்தது ஓடணும். அறுபது படம் எடுத்ததுல அம்பத்தொன்பது குப்பை. ஒண்ணு தேறிச்சு. பின்னாடி வேடிக்கை பார்த்தவங்க எல்லாம் கோடு கோடா இழுபட்டுட்டாங்க. வடமும் கையும் கலங்கியிருக்கு. அப்பாயி முகம் கொஞ்சம் மங்கல்தான், ஆனா அவங்கதான்னு தெரியும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கிறாங்க.

காட்டினேன். இந்தத் தடவை கேள்வி எதுவும் இல்ல. "பிரிண்டு போட்டுக் குடு"ன்னாங்க. இப்போ அது டிவி பக்கத்துல இருக்கு. ஆனா ஒண்ணு, சொந்தக்காரங்க வந்தா போன்ல அந்த 1/1000 படத்தைத்தான் எடுத்துக் காட்டுறாங்க. அதுல முகம் நல்லா இருக்காம்!

நீங்களும் ஆரம்பிக்கலாம், கேமரா இல்லன்னாலும் பரவாயில்ல. போன்ல ப்ரோ மோடு இருந்தா சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சதும் காவிரிப் பாலத்துக்குப் போங்க. போனைக் கைப்பிடிச் சுவர்ல அசையாம வச்சு 1/4, ஒரு நொடி, நாலு நொடின்னு மாத்தி மாத்தி எடுங்க. ஒரே பஸ், ஒரே மலைக்கோட்டை, மூணு வேற வேற ஊர் கிடைக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல 1/15ல கூட்டத்தை எடுங்க. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு நிப்பார் பாருங்க, அவரோட சேர்த்து கேமராவைத் திருப்புங்க. தேர்ல மட்டும் ஜாக்கிரதை. வடத்துக்கு முன்னாடி பின்னோக்கி நடந்துக்கிட்டே படம் எடுக்காதீங்க, ஓரமா ஒரு திண்ணையைப் பிடிச்சுக்கோங்க.

ஃபைனல் இயர் பசங்களுக்கு ஒரு வார்த்தை. இன்னும் கொஞ்ச மாசத்துல கோட்டு மாட்டிக்கிட்டு வரிசையா நின்னு க்ரூப் போட்டோ எடுத்துக்கப் போறோம். எடுத்துக்கலாம், வீட்ல கேப்பாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி, ஹாஸ்டல் வராண்டால எல்லாரும் சுத்திக்கிட்டு இருக்கும்போது, போனை ஜன்னல்ல சாச்சு வச்சு அரை நொடிக்கு ஒரு படம் எடுங்க. பாதிப் பேர் கலங்கிப் போவாங்க. "இதுல நான் எங்க?"ன்னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான். அவனையும் கூட்டி வச்சு இன்னொண்ணு எடுங்க. ரெண்டையும் வச்சுக்கோங்க.

அடுத்த இதழுக்குப் படம் அனுப்பும்போது ஷேக் ஆனதையும் சேர்த்து அனுப்புங்க. நான் பார்க்கிறேன்.