காற்றறிந்து ஏவுக

மன்னார்த் தீவிலே காற்றுக்குப் பஞ்சமில்லை. தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பெற்ற தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகளே அதற்குச் சான்று. ஆயினும், வானொலி அலையால் இயங்கும் சிறு கிளைடர் ஒன்றைச் செய்து பறக்கவிட விரும்பும் மாணவருக்கு முதல் இடையூறும் அக்காற்றேயாகும்.

கிளைடர் என்பது இயந்திரமில்லாத விமானம். பட்டம் கட்டத் தெரிந்தவருக்கு அதில் பாதி வேலை தெரிந்ததே. 1804 இல் ஆங்கிலேயரான ஜோர்ஜ் கேய்லி, ஒரு கோலின்மீது பட்டத்தையே சிறகாகப் பொருத்தி, பின்னே அசையும் வாலும் அமைத்துத் தம் மாதிரிக் கிளைடரைப் பறக்கவிட்டார். நாமும் மெல்லிய ரெஜிபோம் தகட்டில் சிறகும் வாலும் வெட்டி மூங்கிற் கோலில் ஒட்டலாம். வால் மடல்களை அசைக்கும் இரு சேர்வோக்கள், ரிசீவர், மின்கலம் ஆகியவற்றை மூக்குப் பக்கமாக வைத்தல் நன்று.

பின்னர், சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தள்ளி, இரு விரல்களால் தாங்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் மூக்கிலே களிமண் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் பொறுமை இழக்கின்றனர். வால் கனத்த விமானத்தை எந்த வானொலியும் காப்பாற்றாது! மணல்வெளியில் கையாலெறிந்து, அது நேராய் வழுக்கி இறங்கும்வரை திருத்துங்கள்.

இனிக் காற்றின் கணக்கு. கிளைடரின் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர், காற்றின் வேகம் 30 என்று கொள்வோம். காற்றோடு போய்விட்ட கிளைடரை உங்கள் பக்கம் திருப்பினாலும், அது மணிக்கு 5 கிலோமீற்றர் பின்னோக்கியே நகரும். சோளகம் வீசும்போது வடகரையான பேசாலையில் ஏவினால் கடலே அதன் கதி. ஆகவே கரையை விட்டு உள்ளே வந்து, காற்று அடங்கிய காலை வேளையில், காற்றை எதிர்நோக்கி ஏவுங்கள். கிளைடர் உங்களுக்கு முன்னே, காற்று வரும் திசையிலேயே நிற்கட்டும்.

காற்றாலைகளின் அருகே செல்லவே வேண்டா. வாடைக்காலத்தில் பூநாரைகள் கூடும் நீர்நிலைகளையும் விலக்குங்கள். எதிர்க்கரையிலுள்ள வங்காலை 2008 முதல் பறவைகளின் சரணாலயம். விமான அதிகாரசபையின் விதிகளையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

என் முதல் கிளைடர் இக்கணக்கை அறியாமல் ஏவியது. மூன்று நாள் ஒரு பனையின் உச்சியிலே கிடந்தது. கள்ளிறக்கும் அன்பர் ஒருவர் அதை இறக்கித் தந்து, “தம்பி, அடுத்த முறை பனைக்கு இந்தப் பக்கம் நின்று விடும்” என்றார்.