இரண்டு கண், ஒரே காட்சி

மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று பல வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். கைக்குழந்தையின் ஒரு கண் மூக்குப் பக்கமே திரும்பி நின்றாலும், வளர வளரச் சரியாகிவிடும் என்று பாட்டி ஆறுதல் சொல்ல, ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடத்துக்குள் குழந்தையின் மூளையில் ஒரு முக்கியமான வேலை நடந்தாக வேண்டும். நடந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வேலை இதுதான்: வலது கண்ணும் இடது கண்ணும் பார்ப்பவை சற்றே வேறுபட்ட படங்கள். மூளை இரண்டையும் ஒன்றாக்கி, அந்தச் சிறு வித்தியாசத்திலிருந்தே எது அருகில், எது தொலைவில் என்று கணக்கிடுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூன்று மாதக் குழந்தையிடம் எப்படிக் கேட்பது?

வழி காட்டியது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். அங்கே பணியாற்றிய, ஹங்கேரியில் பிறந்த பேலா யூலெஸ், 1960ல் கம்ப்யூட்டரால் உருவாக்கிய புள்ளிப் படங்களை வெளியிட்டார். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் வெறும் புள்ளிக் குவியல். இரண்டு படங்களையும் இரு கண்களால் சேர்த்துப் பார்த்தால் நடுவே ஒரு சதுரம் எழும்பி மிதக்கும். பிரிட்டனின் ஆலிவர் பிராடிக்கும் ஜேனட் அட்கின்சனும் யூலெஸுடன் சேர்ந்து இந்த யுக்தியைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். முடிவு 1980ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

குழந்தைக்குச் சிவப்பும் பச்சையுமாக ஒரு மூக்குக்கண்ணாடி. எதிரே திரையில் ஓயாமல் மாறும் புள்ளிகள். சிறிது நேரம் இரு கண்களுக்கும் ஒரே மாதிரிப் புள்ளிகள். அடுத்து, ஒரு கண்ணுக்கு வெளிச்சமான இடம் மறு கண்ணுக்கு இருட்டு. இப்படி மாறி மாறி, ஒரே சீராக. தனியாக எந்தக் கண்ணுக்கும் இந்த மாற்றம் தெரியாது. இரு கண்களின் தகவலையும் ஒப்பிடும் செல்கள் மூளையில் வேலை செய்தால்தான் தெரியும். தலையின் பின்புறம் ஒட்டிய மின்முனைகளில் அதே தாளத்தில் மின்சைகை எழுந்தால், மூளை இரண்டையும் சேர்க்கிறது என்று பொருள். வலி கிடையாது. குழந்தையைத் திரையைப் பார்க்க வைப்பதுதான் பெரும்பாடு.

பிறந்த சில வாரங்களில் இந்தச் சைகை இல்லை. ஏறக்குறைய மூன்று மாதத்தில் எழுகிறது. அதே 1980ல் எம்.ஐ.டி.யின் ரிச்சர்ட் ஹெல்ட் குழு வேறு வழியில், குழந்தை எந்தப் படத்தை அதிகம் பார்க்கிறது என்று கவனித்தே, நான்கு மாதத்தையொட்டி ஆழப் பார்வை தோன்றிச் சில வாரங்களில் கூர்மையாவதைக் கண்டது. மெதுவாக வளரும் திறமை அல்ல. சட்டென்று திறக்கும் கதவு.

அந்த நேரத்தில் கண்கள் ஒரே இடத்தை நோக்கவில்லை என்றால்? டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1965லேயே பூனைக்குட்டிகளுக்குச் செயற்கையாக மாறுகண் உண்டாக்கிப் பார்த்தார்கள். சாதாரணப் பூனையின் பார்வைப் பகுதியில் சுமார் 80 சதவீத செல்கள் இரு கண்களுக்கும் பதில் சொல்லும். இவற்றில் அது 20 சதவீதமானது. 1981ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனவே சீக்கிரமே ஆபரேஷன் என்று முடிவு கட்டிவிடலாமா? விஷயம் அத்தனை எளிதல்ல. ஐரோப்பிய மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்தி 2005ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக்குள் ஆபரேஷன் ஆன குழந்தைகளில் 13.5 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் ஓரளவு ஆழப் பார்வை இருந்தது. தாமதித்தவர்களில் 3.9 சதவீதம்தான். ஆனால் காத்திருந்தவர்களில் சிலருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. முதல் சில வாரங்களில் கண்கள் அவ்வப்போது அலைவதும் சகஜம். மூக்குத் தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோன்றுவதும் உண்டு. நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் விலகினால், அல்லது எந்த வயதிலும் நிரந்தரமாகவே திரும்பி நின்றால், பிரித்துச் சொல்ல வேண்டியவர் பாட்டி அல்ல, கண் டாக்டர்.

அந்த ஐரோப்பிய ஆய்வில் ஆழப் பார்வையைச் சோதித்தது ஒரு ஈயின் படம். விசேஷக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அதன் இறக்கைகள் தாளைவிட்டு மேலே எழும்பி நிற்கும். ஆழம் தெரியும் குழந்தை, தாளைத் தொடாமல், காற்றில் விரல்களைக் குவித்து இறக்கையைக் கிள்ளப் பார்க்கும்.