சிப்பாய் வரிசை மட்டும்தான் நமக்கா?

விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் காலனி முகப்பில் வந்து நின்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பையன்கள் ரோட்டோரமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். 1,600 மீட்டர் ஓட்டம், அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கான பயிற்சி. 2022இல் வந்த திட்டப்படி நாலு வருஷம்தான் வேலை. அதற்குப் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை உள்ளே இருக்கலாம், மற்றவர்கள் கையில் கொஞ்சம் பணத்தோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இது தெரிந்தேதான் ஓடுகிறார்கள். செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் போவதைவிட இது மேல் என்று ஓடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வாங்கியவன். போன வருஷம் அவனைக் கேட்டேன்: "ஏண்டா, என்.டி.ஏ. எழுதலையா?" "அது இன்னாண்ணா?" என்றான். புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி, பன்னிரண்டாவது முடித்தவர்களை எடுத்து அதிகாரி ஆக்கும் இடம் என்று விளக்கினேன். வயசு வரம்பு என்ன என்றான். பயிற்சி தொடங்கும்போது பத்தொன்பதரைக்கு மேல் போகக் கூடாது. விரலை மடக்கி எண்ணினான். அவனுக்குப் பத்தொன்பது முடிந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா எழுதியிருப்பேண்ணா" என்றான். அவன் படித்த பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சரி, அதே தெருவில் பதினைந்து வருஷமாக விடுதலை அரசியல் பேசிக்கொண்டிருக்கிற நான் சொன்னேனா? நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் நம் இயக்கத்தின் ஒரு பழக்கம் தெரிகிறது. இராணுவம் என்றாலே நம் தோழர்கள் முகம் சுளிப்பார்கள். "ஆளும் வர்க்கத்தின் கூலிப்படைக்கு நம்ம பசங்களை அனுப்பச் சொல்றியா?" என்பார்கள். காஷ்மீரிலும் மணிப்பூரிலும் சிறப்பு அதிகாரச் சட்டங்களை வைத்துக்கொண்டு நடந்தவை நமக்குத் தெரியும். 1987 முதல் 1990 வரை அமைதிப்படை என்ற பெயரில் ஈழத்தில் நடந்ததும் தெரியும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. இராணுவம் புனிதம் என்று சொல்ல இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை, அதற்கு வேறு பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நம் ஆள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறான். துப்பாக்கி தூக்குகிறவனாக, பள்ளம் தோண்டுகிறவனாக, சமைக்கிறவனாக இருக்கிறான். தேசியக் கொடி போர்த்திய பெட்டியில் சேரிக்கு வந்து இறங்குகிறான். உத்தரவு போடுகிற இடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் நமக்குக் கொள்கை ஞாபகம் வருகிறது. ஒரு தலித் லெப்டினன்ட் வந்தால் இராணுவம் மாறிவிடுமா என்று கேட்டால், மாறாது. தலித் கலெக்டர் வந்து கலெக்டர் ஆபீஸ் மாறிவிட்டதா? அதற்காகக் கலெக்டர் வேலை நமக்கு வேண்டாம் என்று எந்தத் தோழரும் சொல்லிக் கேட்டதில்லையே!

அண்ணல் அம்பேத்கர் பிறந்ததே ஒரு இராணுவக் குடியிருப்பில். 1891இல் மாவ் கண்டோன்மென்ட்டில் பிறந்தார், அப்பா ராம்ஜி சுபேதார். அந்தக் காலத்தில் இந்தியச் சிப்பாய்க்குச் சுபேதார், சுபேதார் மேஜர் என்பதோடு ஏணி முடிந்துவிடும். அதற்கு மேல் வெள்ளைக்காரன். அந்தச் சின்ன ஏணியையும் 1892இல் பிடுங்கினார்கள், மகர்களை இனிப் படையில் எடுப்பதில்லை என்று. கோரேகானில் 1818இல் சண்டை போட்டபோது இல்லாத தீட்டு, வெற்றி எல்லாம் முடிந்த பிறகு வந்துவிட்டது. 'வீரப் பரம்பரை' என்று ஒரு கதையைக் கட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட்ஸ் துரை. அவர் 1881 முதல் 1885 வரை நம் சென்னைப் படைக்கே தளபதியாக இருந்தவர். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. சென்னை சாப்பர்களிலும் பயனியர்களிலும் பறையர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பயனியர் படையை 1933இல் கலைத்தார்கள். முதல் உலகப்போருக்கு ஆள் வேண்டியிருந்தபோது 1917இல் மகர் படை ஒன்றைக் கட்டினார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1943இல் சமார் படையைக் கட்டி பர்மா முனைக்கு அனுப்பி, 1946இல் கலைத்தார்கள். வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது கலைக்கிற வரலாறு இது. அண்ணல் முதல் வட்டமேசை மாநாட்டின் பாதுகாப்புத் துணைக்குழுவிலேயே படையின் கதவை எல்லோருக்கும் திற என்று பேசினார். 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்ததற்குப் பின்னால் அவர் கொடுத்த நெருக்கடி இருந்தது. 'அரசின் கருவி நமக்கெதுக்கு' என்று அவர் ஒதுங்கவில்லை.

இன்றைக்கு ராஜ்புத், ஜாட், டோக்ரா, மராத்தா, மகர் என்று பெயர் வைத்த படைப்பிரிவுகள் இருக்கின்றன. அதிகாரிப் பதவியில் எங்கள் பங்கு எங்கே என்று கேட்டால் மட்டும், இராணுவத்தில் சாதி பார்ப்பதில்லை என்ற பதில் தயாராக இருக்கும்! என்.டி.ஏ.வில் இடஒதுக்கீடு கிடையாது, வயதில் தளர்வு கிடையாது. பட்டியல் சாதிக்கு இருக்கிற ஒரே சலுகை விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய் இல்லை என்பதுதான். வருஷத்துக்கு ரெண்டு முறை மத்தியத் தேர்வாணையம் நடத்துகிறது, ஒவ்வொரு முறையும் 400 இடம் அளவுக்கு. கணக்கு 300 மார்க், பொதுத்திறன் 600 மார்க், அதில் ஆங்கிலம் மட்டுமே 200. தப்பாகப் பதில் எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். மத்திய ஆயுதப் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வை 2024 முதல் தமிழ் உட்பட பதின்மூன்று மாநில மொழிகளில் நடத்துகிறார்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவனிடம் தமிழில் கேட்கலாம், உத்தரவு போடப் போகிறவனிடம் கேட்கக் கூடாது. இதைவிட வெளிப்படையாக ஒரு அரசு எப்படிச் சொல்லும்?

எழுத்துத் தேர்வைக் கூடத் தாண்டிவிடலாம். அதற்கடுத்த எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் தேர்வில்தான் நம் பையன்கள் உடைந்துபோகிறார்கள். அதற்கும் 900 மார்க். போனதுமே ஒரு படிவம் கொடுப்பார்கள். அப்பா தொழில் என்ன, வருமானம் என்ன, படிப்பு என்ன, பட்டியல் சாதியா என்று கேட்கும். அப்பா வெட்டியான் வேலை செய்கிறவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால் பையன் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பான். 'விவசாயம்' என்று எழுதிவிட்டு வந்த ஒருவனை எனக்குத் தெரியும். ஒரு சென்ட் நிலம் கிடையாது. நேர்காணலில் எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று கேட்டார்கள். முடிந்தது கதை. அப்பா பிணம் எரிக்கிறார் என்றே எழுதியிருக்கலாம், தம்பி. வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த வேலையை ஒரு தெருவுக்கு மட்டும் எழுதி வைத்தவர்கள்.

படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பன்னிரண்டாவதாக வருவது வெற்று அட்டை. அறுபது சொற்கள், ஒவ்வொன்றும் பதினைந்து வினாடி, மனசில் வந்ததை எழுத வேண்டும். அறுபது சூழ்நிலை கொடுத்து அரை மணியில் 'நீ என்ன செய்வாய்' என்பார்கள். அப்புறம் மைதானத்தில் கட்டை, கயிறு, பீப்பாயை வைத்துக் குழுவாகத் தடைகளைத் தாண்ட வேண்டும். சைனிக் பள்ளியில் படித்தவனும் பட்டாளத்து வீட்டுப் பிள்ளையும் இதைச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். நம் பையன் பயிற்சி மையத்தில் பணம் கட்டி, எவனோ எழுதிக் கொடுத்த வீரக் கதையை மனப்பாடம் செய்கிறான். என் ஆத்திரம் இங்கேதான். பதினாலு வயசில், ஊர்க்காரர்கள் தெருவுக்குத் தீ வைத்த ராத்திரி, கிழவிகளையும் கைப்பிள்ளைகளையும் ஏரிக்கரை வழியாகக் கூட்டிக்கொண்டு போனவன் இவன். வெள்ளம் வந்தபோது கல்யாணக் கூடத்தில் முன்னூறு பேருக்குச் சோறு பங்கிட்டவன் இவன். இதை எழுதுடா என்றால், "அதெல்லாம் ஒரு விஷயமாண்ணா?" என்கிறான்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இன்னும் ரெண்டு விஷயம். பச்சை குத்துவது. முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையும் புறங்கையிலும்தான் அனுமதி. நெஞ்சில் தலைவர் படத்தைக் குத்திக்கொண்ட பையன் மருத்துவப் பரிசோதனையில் என்ன சொல்வான்? தலைவர்கள் இதை மேடையில் சொன்னால் நல்லது. அடுத்தது வழக்கு. ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் 'மற்றும் பலர்' என்று போட்டு அடி வாங்கியவன் மீதே வழக்குப் போடுகிறது போலீஸ். இந்தப் பையன்களுக்குப் பின்னால் நடத்தை விசாரணை வருகிறது. படிக்கிற பையனின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வைப்பதை நம் வழக்கறிஞர்கள் முதல் வேலையாக எடுக்க வேண்டும்.

உள்ளே போனபின் வாழ்க்கை எப்படி? என்.டி.ஏ.வில் மூன்று வருஷம், படிப்பும் சாப்பாடும் அரசு செலவு. கைச்செலவுக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள், வருமானம் குறைந்த குடும்பம் அதற்கு உதவி கேட்க வழி இருக்கிறது. நீச்சல், குதிரை, கத்தி முள்கரண்டி எல்லாம் அங்கேயே பழக்குகிறார்கள், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. சேரும்போது 2.4 கிலோமீட்டரைப் பதினைந்து நிமிஷத்தில் ஓட வேண்டும். நம் பையன்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. இந்தி பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும், அதற்குத் தயாராகப் போக வேண்டும். "உன் பேருக்குப் பின்னாடி என்ன?" என்று ஒருத்தன் கேட்பான். "எங்க அப்பா பேரோட முதலெழுத்து" என்று சொல்ல ஒரு தமிழனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

வயசு போனவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. நம் சென்னை பரங்கிமலையில் 1963 முதல் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் பட்டம் போதும், எழுத்துத் தேர்வில் கணக்குத் தாளே இல்லை, ஆங்கிலமும் பொது அறிவும்தான். கல்லூரியில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் 'பி' கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, பட்டப்படிப்பில் பாதி மார்க்கும் எடுத்திருந்தால் அந்தத் தேர்வும் கிடையாது, நேரே எஸ்.எஸ்.பி. பயிற்சியின்போதே மாசம் 56,100 ரூபாய் உதவித்தொகை. அமராவதிநகர் சைனிக் பள்ளியில் பட்டியல் சாதிக்கு 15 சதவீத இடம் உண்டு, ஆறாம் வகுப்பிலேயே எழுதலாம். நம் மாலைநேரப் பள்ளிகளில் எத்தனை பேர் இதற்கு ஒரு பிள்ளையைத் தயார் செய்திருக்கிறோம்?

அந்தப் பையன் இந்த வருஷம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து என்.சி.சி.யில் பெயர் கொடுத்திருக்கிறான். அவன் தங்கை பதினொன்றாவது, கணக்குப் பிரிவு. "பொண்ணுங்களையும் சேத்துக்கிறாங்களாண்ணா?" என்றாள். 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு 2022 முதல் கடக்வாஸ்லாவில் எடுக்கிறார்கள், 2025 மே மாதம் முதல் பதினேழு பேர் முடித்து வெளியே வந்தார்கள் என்றேன். பழைய கேள்வித்தாளிலிருந்து முப்பது கணக்கு கொடுத்தேன். பதினொன்று சரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள், கூட ரெண்டு பேரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.