பட்டினப்பாக்கத்துக்கு வராத வார்ப்பு

ஒரு சட்டத்தில் கோணியை இழுத்துக் கட்டி அதன்மேல் ஈரக் கான்கிரீட்டைப் பரப்பினால், பாரத்தில் கோணி நடுவே தொய்யும். இறுகியபின் அதைக் கவிழ்த்தால் அந்தத் தொய்வே வளைந்த கூரையாகிவிடும். கம்பியும் மிச்சம், சிமெண்டும் மிச்சம். ரூர்க்கியில் இதைச் செய்து காட்டியவர் ஜி.எஸ். ராமசாமி. அவரை முதல் இயக்குநராகக் கொண்டு 1965-இல் தொடங்கிய கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இன்று நம் தரமணியில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் கண்ட மலிவு வீட்டுக் கனவு நமக்கு இரவல் சரக்கல்ல.

ஆனால் அந்தக் கனவு போய் இறங்கிய இடம் சென்னையின் ஓரத்தில் உள்ள பெரும்பாக்கம். பாகங்களை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் கட்டிய 1,152 வீடுகள் 2022-இல் அங்கே திறக்கப்பட்டன. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வீட்டை எட்டாக்கனி ஆக்குவது மனையின் விலை. செங்கல்லின் விலை அல்ல. சுவரில் மிச்சம் பிடித்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்தால், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண் அந்த மிச்சத்தைப் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் தொலைத்துவிடுவாள். முன்வார்ப்பு தரும் உண்மையான லாபம் நாள்கணக்கில் இருக்கிறது. அந்த நாள்கள் யாருக்கு உயிர்? ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் அரசு வாரியத்தின் பழைய குடியிருப்பு இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புது வீடு எழும்வரை அக்கம்பக்கத்தில் வாடகை கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு. காத்திருப்பில் ஓராண்டு குறைந்தால் பன்னிரண்டு மாத வாடகை அவர்கள் கையில் நிற்கும்.

டெல்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை 1950-களின் தொடக்கத்திலேயே தோற்றதையும், 1968-இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் அடுக்ககத்தின் ஒரு மூலை சரிந்து நால்வர் இறந்ததையும் எதிர்வாதமாகச் சொல்வார்கள். டெல்லியில் பலகைகளின் தரமும் லண்டனில் இணைப்புகளின் பலமும் கைவிட்டன. லண்டன் விபத்துக்குப் பின் விதிகள் இறுக்கப்பட்டன. அந்தக் கண்டிப்பு இங்கும் வேண்டும். இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு: நம் மக்கள் வீட்டை வளர்ப்பவர்கள். மகனுக்குக் கல்யாணம் என்றால் தடுப்பை நகர்த்துவார்கள், பால்கனியை அறையாக்குவார்கள். பாரம் தாங்கும் முன்வார்ப்புச் சுவரில் அது நடக்காது. இதை நாங்கள் முழுதாக ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் முழு வீட்டையும் வார்க்கச் சொல்லவில்லை. தூண், உத்தரம், தளம், படிக்கட்டு வார்த்து வரட்டும்; உள்சுவர் செங்கல்லிலேயே எழட்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அங்கே வேலை மிஞ்சும். வாரியம் அடுத்து கோரும் ஒப்பந்தப்புள்ளியில், விலைக்குப் பக்கத்திலேயே, குடும்பங்கள் வெளியே இருக்கவேண்டிய மாதங்களையும் எழுதிக் கேட்கட்டும்.